ஒரு நீளம், இரண்டு குட்டை

“பஸ் வர்றதுக்குள்ள எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் வைத்தியத்தைக் கத்துக்குடு, தங்கச்சி.”

தவசிக்கு மூச்சு வாங்கியது. கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்திருந்தார்.

நசீமா நிமிர்ந்து பார்க்கவில்லை. கையிலிருந்த வேலையை முடித்தாள்.

அவள் கடை அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்தது. பழுது பார்க்கவும் வருவார்கள், தொழில் கற்கவும் வருவார்கள். எதைக் கேட்டாலும் திருப்பி ஒரு கேள்வி கேட்பாள். அதனால் ஊரில் அந்த மாடிக்கு ஆசிரமம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கற்க வந்தவர்களில் பாதிப் பேர் கோபித்துக்கொண்டு இறங்கிப் போனவர்கள்.

“எந்த பஸ்?” என்றாள்.

“கோயம்புத்தூர் பஸ். என் வீட்டுக்காரி பூரணம், மக வீட்டுக்குப் போறா. கல்யாண வீடியோ எடிட்டிங் எல்லாம் அவதான் பார்ப்பா, நான் கேமராவோட சரி. இனிமே ரெண்டும் என் தலையில. இந்த நேரம் பார்த்து இது படுத்துக்கிச்சு.”

“எப்ப வருவாங்க?”

“கேட்டேன். பாப்போம்னா.”

தவசி அதை ஒரு தகவலாகத்தான் சொன்னார். அதற்குள் என்ன இருக்கிறது என்று யோசிக்கவில்லை. யோசிக்கிற ஆளும் இல்லை. தாலி கட்டுகிற நேரத்தில் மேடையேறி, மறைக்குது தள்ளி நில்லுங்க என்று ஐயரையே விரட்டுகிறவர்.

ஜன்னல் வழியாகப் பார்த்தால் பூரணம் தெரிந்தாள். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் இரண்டு பைகளோடு உட்கார்ந்திருந்தாள். அவளை அங்கே உட்கார வைத்துவிட்டுத்தான் இவர் பெட்டியோடு மேலே ஏறியிருந்தார். பைகளை அவளே தூக்கிக்கொண்டாள்.

“என்ன செய்யுது?” நசீமா பெட்டியைப் பார்த்துக் கேட்டாள்.

“மொதல்ல திரையில கலர் கலராக் கோடு விழுந்துச்சு. அப்புறம் ஸ்விட்சைப் போட்டா படம் வரும், பொசுக்குன்னு போயிரும், அதுவா திரும்ப ஆரம்பிக்கும். இப்ப ஃபேன் மட்டும் சுத்துது. திரை கும்மிருட்டாக் கிடக்கு.”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“என்னதான் செய்யல? மெமரியை மாத்தினேன். பவர் சப்ளையை மாத்தினேன். ஒருத்தன் வந்து எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாப் போட்டான். என் மாமியா எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டுச்சு.”

“பழம் நல்ல பழமா?”

“ஏன்?”

“சும்மா கேட்டேன்.”

தவசி முறைத்தார். கோபித்துக்கொண்டு போய்விடலாமா என்று நினைத்தார். பெட்டியை மறுபடி தூக்க வேண்டுமே என்று நின்றார்.

“ஊர்ல எல்லாரையும் கேட்டிருக்கீங்க. இதைக் கேட்டீங்களாண்ணே?”

“எதை?”

நசீமா பெட்டியைத் தட்டிக் காட்டினாள்.

தவசி சிரித்தார். “அது எங்க பேசுது? சத்தமே கிடையாது. அவ்வளவு அமைதி.”

நசீமா ஒரு திருப்புளியை அவர் கையில் கொடுத்தாள். “திறங்க.”

மூடியைக் கழற்றியதும் தூசி எழும்பியது. தவசி தும்மினார்.

“உள்ள என்ன இல்லைன்னு பாருங்க,” என்றாள்.

“என்ன இருக்குன்னுதானே பார்க்கணும்?”

“அது எல்லாருக்கும் தெரியும்.”

அவள் பிளாஸ்க்கைத் திறந்து தனக்கு மட்டும் டீ ஊற்றிக்கொண்டாள். தவசி பெட்டிக்குள் தலையை விட்டுத் தேடினார். எல்லாம் இருந்தன. ஒயர்கள் இருந்தன, ஃபேன் இருந்தது, தான் காசு போட்டு மாற்றியவை எல்லாம் பளபளப்பாக இருந்தன. எரிச்சலாக வந்தது. விட்டுவிடலாம் என்று நினைத்தபோதுதான் ஓரத்தில் மொட்டையாக நின்ற சின்னக் கம்பிகள் கண்ணில் பட்டன.

“இங்க ஒரு குட்டி ஸ்பீக்கர் இருந்துச்சு,” என்றார்.

“எங்க அது?”

“நான்தான் பிடுங்கிப் போட்டேன்.”

“ஏன்?”

“கத்துச்சு. ஸ்விட்சைப் போட்டதும் கீ...ன்னு ஒரு நீளம். அப்புறம் கிக், கிக்னு ரெண்டு குட்டை. அப்ப கல்யாண வீடியோ பார்க்க ஒரு மாப்பிள்ளையோட அப்பா வந்து உட்கார்ந்திருக்கார். பெரிய பார்ட்டி. அவர் முன்னாடி மானம் போகுது. பிடுங்கி எறிஞ்சேன். அப்புறம் கத்தவே இல்ல. நாலஞ்சு தடவை அணைச்சு அணைச்சுப் போட்டா ஓடும். அப்படியே ஓட்டிக்கிட்டிருந்தோம்.”

“வீட்டுல யாரும் எதுவும் சொல்லலையா?”

“பூரணம் சொன்னா. எதுக்கோ கத்துது, என்னன்னு பார்த்துட்டுப் பிடுங்குங்கன்னா.”

“நீங்க?”

“அதுக்குத் துணைக்கு நீ வேற கத்துறியான்னேன்.” தவசிக்கு இப்போதும் சிரிப்பு வந்தது. “உன்னையும் பிடுங்கிப் போட்டாத்தான் வீடு வெளங்கும்னேன். மாப்பிள்ளை அப்பா விழுந்து விழுந்து சிரிச்சாரு.”

“அக்கா?”

“அவளும் சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு.”

நசீமா டீயைக் கீழே வைத்தாள்.

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் எங்க? ஒரு சத்தம் இல்ல.”

“நான் அக்காவைப் பத்திக் கேட்டேன்.”

தவசி ஜன்னல் வழியாகப் பெஞ்சைப் பார்த்தார்.

அதற்கு முன்பெல்லாம் பூரணம் ஓயாமல் பேசுவாள். முழங்கால் வலி, பக்கத்து வீட்டுச் சண்டை, மகள் போனில் அழுதது, ஒருதரம் ராமேஸ்வரம் போய்வர வேண்டும் என்பது. இவர் கேட்டும் கேட்காமலும் இருப்பார். இப்போதும் பேசினாள்தான். சாப்பிட வாங்க. பால் வந்திருக்கு. கரண்டு போயிருச்சு. எப்போதிருந்து இப்படி என்று நினைத்துப் பார்த்தார். தெரியவில்லை. தெரியாதது அவமானமாக இருந்தது. அதைவிட, வீடு இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறது என்று டீக்கடையில் பெருமை பேசியது நினைவுக்கு வந்தது.

நசீமா டிராயரிலிருந்து ஒரு சின்ன ஸ்பீக்கரை எடுத்து அந்த மொட்டைக் கம்பிகளில் மாட்டினாள். ஸ்விட்சைப் போட்டாள்.

கீ...

கிக். கிக்.

தவசி பெட்டியருகே குனிந்தார்.

“என்ன சொல்லுது?” மெதுவாகக் கேட்டார்.

“என்னால காட்ட முடியலைங்குது.”

“புரியல.”

“படம் காட்டுற கார்டு கெட்டுப்போச்சு. கெட்டுப்போச்சுன்னு திரையில எழுதிக் காட்டணும்னாலும் அந்தக் கார்டுதான் வேணும். காட்ட வழியில்ல. அதனால வாய்விட்டுச் சொல்லுது.”

அவள் மின்சாரத்தை அணைத்துவிட்டுக் கார்டைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள். அதன் குட்டி ஃபேனில் தூசி கம்பளி போல அடைத்திருந்தது. விரலால் தள்ளிப் பார்த்தார், சுற்றவில்லை. பச்சையாக இருக்க வேண்டிய பலகை நடுவில் பழுப்பேறிக் கருகியிருந்தது. கடையிலிருந்த திரையின் ஒயரைக் கார்டு இல்லாமல் நேரே பெட்டியில் செருகி நசீமா மறுபடி ஸ்விட்சைப் போட்டாள்.

திரை வெளிச்சமானது. கம்ப்யூட்டர் ஒரு குறையும் இல்லாமல் எழுந்து நின்றது.

“மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு,” என்றாள். “எடிட்டிங்குக்குத்தான் இது பத்தாது.”

தவசி திரையைப் பார்க்கவில்லை. கையிலிருந்த கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மொதல்ல கத்தினப்பவே கொண்டாந்திருந்தா?”

“கழட்டி, தூசியை ஊதி, ரப்பர் வச்சுத் தேய்ச்சு மாட்டியிருப்பேன். ஒரு டீ குடிக்கிற நேரம்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அவர் கண் கலங்கியது. அதை அவர் மறைக்கவில்லை. மறைக்கத் தோன்றவில்லை.

“இப்பதான் ஸ்பீக்கரை மாட்டியாச்சே தங்கச்சி. இனிமே...”

“இனிமே சத்தம் கேக்கும்ணே. கருகினது கருகினதுதான்.”

கீழே ஒரு பஸ்ஸின் ஹாரன் கேட்டது. தவசி கார்டை மேஜையில் வைத்தார். பெட்டியை எடுக்கவில்லை. படிகளில் தடதடவென்று இறங்கி, சாலையைக் குறுக்கே கடந்து, திட்டு வாங்கிக்கொண்டு ஓடினார்.

அது வேறு பஸ்.

பூரணம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் பைகளை நகர்த்தி இடம் விட்டாள். அவர் உட்கார்ந்தார். முகமெல்லாம் வேர்த்து, சட்டையெல்லாம் தூசியாக இருந்தது. முன்பென்றால், என்ன கோலம் இது, எங்க போய் விழுந்தீங்க என்று ஒரு பாட்டம் பாடியிருப்பாள். இன்று ஒன்றும் கேட்கவில்லை. கேட்கமாட்டாளா என்று அவர் காத்திருந்தார்.

“பூரணம்.”

“ம்.”

“ஏதாச்சும் சொல்லேன்.”

“என்னத்தச் சொல்ல?”

“என்ன வேணாலும். முழங்கால் எப்படி இருக்கு? அதைச் சொல்லு. இல்ல, என்னைத் திட்டு. நான் கேக்குறேன்.”

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். அவள் உதடு ஒருமுறை பிரிந்தது. தவசி மூச்சைக்கூட விடாமல், இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் கேட்காத மாதிரி, காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“பஸ் வந்திருச்சுங்க,” என்றாள்.