கரடிக்குக் கிடைக்காத மயிலிறகு

ஒரு காட்டுக் குளத்தின் கரையில் கரடி ஒன்றும், ஆமை ஒன்றும், முள்ளம்பன்றி ஒன்றும் கூட்டாக ஒரு வேலை செய்துவந்தன. கரடியின் பெயர் செவந்தி. ஆமை மொக்கையன். முள்ளம்பன்றி சடையன்.

என்ன வேலை? மனசு பாரமாக இருப்பவர்களுக்கு முதுகு கொடுப்பது!

உச்சி வெயிலில் தண்ணீர் குடிக்க வருகிறவர் செவந்தியின் முதுகில் முதுகைச் சாய்த்து உட்காருவார். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. அழலாம். மூக்கை உறிஞ்சலாம். யாரையாவது வாய் நிறையத் திட்டலாம். செவந்தி "ம்" கொட்டுவாள், அவ்வளவுதான். தவளை, அணில் மாதிரிச் சின்ன உருப்படிகளுக்கு மொக்கையனின் ஓடு. சடையனிடம் மட்டும் கொஞ்சம் தள்ளி உட்கார வேண்டும்.

அவர்களுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. கரையில் கேட்டதைக் கரையிலேயே விட்டுவிட வேண்டும்.

ஒருநாள் காகம் சேதி கொண்டுவந்தது. "மலைப்பாறை மனவைத்தியர் சங்கம் உங்களைச் சேரச் சொல்லிக் கூப்பிடுது! சேர்ந்தா ஆளுக்கொரு மயிலிறகு. காதுல செருகிக்கலாம்!"

"சேர்ந்துடலாம்!" என்று செவந்தி துள்ளினாள்.

"எதுக்கு?" என்றான் மொக்கையன்.

"போன வருஷம் அந்தக் காட்டெருமை மேயாம கிடந்துச்சே, நம்ம என்ன செஞ்சோம்? 'ம்' கொட்டிக்கிட்டே உட்கார்ந்திருந்தோம். அவங்களுக்கு மூலிகை தெரியும். கத்துக்கலாம்ல?"

அது உண்மைதான். மொக்கையன் தலையை உள்ளே இழுத்து, மறுபடி நீட்டினான். "நாளைக்கே இறகு இல்லாதவன் முதுகு கொடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டா?"

"எனக்கு இறகு குடுத்தா மட்டும் என்ன?" என்றான் சடையன். "இத்தனை முள்ளுக்கு நடுவுல அது எவன் கண்ணுக்குத் தெரியப் போவுது!"

மூவரும் சிரித்துவிட்டார்கள்.

"சரி, செவந்தி, நீ போய்ப் பேசிட்டு வா. முடிவை அப்புறம் பார்ப்போம்" என்றான் மொக்கையன்.

செவந்தி ஒன்றை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை. அன்று காலையிலேயே ஒரு நாணல் பூவைக் காதில் செருகி, தண்ணீரில் முகம் பார்த்திருந்தாள். நன்றாகத்தான் இருந்தது!

மலைப்பாறையில் ஏகக் கூட்டம். வேடிக்கை பார்க்கக் காடே வந்திருந்தது. மான் கூட்டமும் சரிவில் நின்றது. சங்கத் தலைவர் கூழைக்கடா தொண்டைப் பையை அசைத்துக்கொண்டு கேட்டார்.

"நீங்க எப்படி வேலை செய்றீங்க, அதை மட்டும் சொல்லும்மா."

செவந்தி சொன்னாள். பின்வரிசையில் இரண்டு கொக்குகள் கிசுகிசுத்தன.

"முதுகைக் காட்டி உட்கார்ந்தா வைத்தியமாம்!"

"அப்ப மரத்துல சாய்ஞ்சுக்கலாமே!"

செவந்திக்குச் சுருக்கென்றது. இவர்கள் வாயை அடைக்க வேண்டும். "மரம் கேட்குமா?" என்று குரலை உயர்த்தினாள். "ஒரு மான் எங்கிட்ட வந்துச்சு. பேர் சொல்ல மாட்டேன். புலி வந்த அன்னைக்குச் சின்னக் குட்டியை விட்டுட்டு அது முதல்ல ஓடிருச்சு. குட்டி ஆத்துல விழுந்துருச்சுன்னு எல்லார்கிட்டயும் பொய் சொல்லிருச்சு. தூக்கமில்ல, தீனி இல்ல. பத்து நாள் என் முதுகுல சாய்ஞ்சு அழுதுச்சு. இப்ப நல்லா மேயுது! காது கிழிஞ்சிருக்கும் பாருங்க, அந்தக் காதைக்கூட இப்ப ஆட்டிக்கிட்டு..."

எல்லாத் தலையும் சரிவுப் பக்கம் திரும்பியது.

அங்கே கிழிந்த காதோடு பூவாயி மான் நின்றிருந்தாள். அவள் வயிற்றோடு ஒட்டி நின்ற மூத்த குட்டி நிமிர்ந்து பார்த்தது.

"அம்மா... தம்பி ஆத்துல விழலையா?"

பூவாயி தலையைக் குனிந்துகொண்டாள். அவளைச் சுற்றி நின்ற மான்கள் ஒவ்வொன்றாக விலகின.

"நான் பேர் சொல்லலையே..." என்று செவந்தி முனகினாள். அது அவள் காதுக்கே அசிங்கமாகக் கேட்டது.

கூழைக்கடா மெதுவாகச் சொன்னார். "நான் இதைக் கேட்கவே இல்லையேம்மா. வந்தவங்க சொன்னதை வெளியே சொல்லக் கூடாது. எங்க சங்கத்துல முதல் கட்டுப்பாடே அதுதான். உனக்கு இறகு இல்லை."

எங்களுக்கும் அதுதானே ஒரே கட்டுப்பாடு! செவந்தி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு குளத்துக்கு வந்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். மொக்கையன் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் குளத்துக்கு வந்தவர்கள் தண்ணீர் குடித்தார்கள், போனார்கள். யாரும் உட்காரவில்லை. சடையனிடம்கூட வரவில்லை. செவந்தி பூவாயியைத் தேடிப் போனாள். பூவாயி அவள் வாசனை பட்டதுமே புதருக்குள் மறைந்துவிட்டாள். செவந்தி புதரைப் பார்த்து, "நான் செஞ்சது பெரிய தப்பு, பூவாயி" என்றாள். இலைகூட அசையவில்லை.

என்ன செய்வது? தினமும் உச்சி வெயிலில் பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள். வெறும் முதுகோடு.

எட்டாம் நாள் முதுகில் எதுவோ பட்டது. சின்னது, சூடானது, நடுங்கியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குரலில் தெரிந்துவிட்டது.

"அத்தை, மறுபடி புலி வந்தா அம்மா என்னையும் விட்டுட்டு ஓடிருமா?"

பூவாயி அந்தப் பத்து நாளில் என்னவெல்லாம் சொல்லி அழுதாள் என்று செவந்திக்குத் தெரியும். 'இனி செத்தாலும் இந்தக் குட்டியை விட்டுட்டு ஓட மாட்டேன்' என்று சொன்னதும் தெரியும். அதைச் சொன்னால் குட்டி இப்போதே சிரிக்கும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

விழுங்கினாள்.

"அதை உங்க அம்மாதான் சொல்லணும், கண்ணு. நீ போய்க் கேளு. பயமா இருந்தா நான் கூட வர்றேன்."

புதர் வரைக்கும் போனார்கள். குட்டி உள்ளே நுழைந்தது. செவந்தி காது கேட்காத தூரத்துக்கு நடந்துபோய், முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள். நெடுநேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது, தாயும் குட்டியும் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்திருந்தன. பூவாயி செவந்தியைப் பார்க்கவில்லை. ஆனால் எழுந்து ஓடவும் இல்லை.

மழைக்காலம் வந்ததும் குளத்தங்கரைக்காரர்கள் சங்கத்தில் சேர்ந்தார்கள். இந்த முறை பேசப் போனது மொக்கையன். "யாரையாவது குணப்படுத்தின கதை ஒண்ணு சொல்லேன்!" என்று கொக்குகள் சீண்டின. "எங்க வேலை கேட்கறதுய்யா, சொல்றது இல்ல" என்றான். கூழைக்கடா சிரித்துக்கொண்டே மூன்று இறகு கொடுத்தார். காட்டெருமைக்கான மூலிகையையும் காட்டிக் கொடுத்தார். சடையன் இறகைச் செருகிய அன்றே முள்ளுக்குள் தொலைத்தான். செவந்தி தன் இறகை வாங்கிக்கொள்ளவே இல்லை.

நம்மை நம்பி ஒருவர் இறக்கி வைத்த துயரத்தை ஊருக்குக் காட்டி நாம் பெயர் வாங்கக் கூடாது.