பதறி எலியும் அலிசம் விதையும்

மலைமேல் ஒரு காட்டில், ஆள் இல்லாத பங்களாவின் வாசலை ஒட்டி ஒரு பலா மரம் நின்றது. அதன் வேரடியில் ஒரு தாய் எலி வளை தோண்டிக் குட்டிகளோடு குடியிருந்தது. இலை அசைந்தால் அது பதறும். அசையாவிட்டால், "ஏன் அசையவில்லை?" என்று இன்னும் பதறும். அதனால் காட்டில் அதற்குப் பெயரே பதறி!

பதறிக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். நெல்லா? மண்ணுக்கடியில் தள்ளு. கடலையா? இன்னும் கீழே தள்ளு. குட்டிகளா? எல்லாவற்றுக்கும் கீழே தள்ளு! கண்ணில் படுவது களவு போகும் என்பது அதன் எண்ணம்.

ஆனால் பாருங்கள், அந்த வளையைக் காத்தது ஆழம் இல்லை. மேலே மரப்பொந்தில் கூடு கட்டியிருந்த தேனீக்கள்தான் காத்தன. பக்கத்துப் புதரில் ஒரு சாரைப்பாம்பு இருந்தது. எலிக்குட்டி என்றால் அதற்கு உயிர். ஒருமுறை ஆசையாய் மரத்தடிக்கு வந்து, தேனீக்களிடம் கொட்டு வாங்கி, முகம் வீங்கி ஓடிப்போனது. அன்றிலிருந்து தூரத்தில் படுத்து நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும்.

அந்த வருஷம் ஐப்பசி மழை காட்டை அடித்துத் துவைத்துவிட்டது. பூ என்று பேருக்குக்கூட ஒன்று மிஞ்சவில்லை. ராணித் தேனீ பதறியைக் கூப்பிட்டது.

"பதறி, கூட்டுல இருக்குற தேன் தை பிறக்குற வரைக்கும்தான் தாங்கும். அதுக்குள்ள பக்கத்துல பூ பூக்கலைன்னா, நாங்க மலையை விட்டு இறங்கிடுவோம்."

"ஐயையோ! அப்போ என் குட்டிங்க?"

"என் பிள்ளைங்களும் பட்டினியில்ல கிடக்கும்? நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

புதருக்குள் சாரை சிரித்தது. "தை பிறந்தா வழி பிறக்கும்னு சும்மாவா சொன்னாங்க? எனக்கும் பிறக்கப் போகுது."

பதறிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பங்களாவைச் சுற்றிச் சுற்றி வந்தது. வாசற்படியில் இரண்டு மண் தொட்டிகள் கிடந்தன. ஒன்று வெறும் மண். இன்னொன்றில் காய்ந்துபோன ஒரு செடி, அதில் பொடிப்பொடியாய் நெற்றுகள். ஒரு சில்லைக்குருவி அவற்றைக் கொத்திக்கொண்டிருந்தது.

"இது என்ன செடி?" என்று கேட்டது பதறி.

"அலிசம். இங்க இருந்த அம்மா போன வருஷம் வளர்த்தாங்க. வெள்ளை வெள்ளையாப் பூக்கும். அப்படியே தேன் வாசம்! தேனீ மொய்ச்சுக்கிட்டே கிடக்கும்."

பதறிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "எப்படி முளைக்க வைக்கிறது? சீக்கிரம் சொல்லு!"

"நான்தான் கூரையில உட்கார்ந்து பார்த்தேனே. ஈர மண்ணு மேல விதையைத் தூவி, லேசா அமுக்கி விட்டாங்க. மண்ணு போட்டு மூடலை. வெளிச்சம் பட்டாத்தான் இது முளைக்கும். தண்ணியை ஊத்தாம, சும்மா தெளிச்சு விட்டாங்க."

பதறி சில்லையின் தடித்த அலகைப் பார்த்தது. அலகு ஓரத்தில் உமி ஒட்டியிருந்தது.

'மேலே தூவணுமாம்! யார் வயிற்றுக்கு? போயும் போயும் விதை தின்னியிடம் விதைக்க யோசனை கேட்டேனே!' என்று தன்னையே திட்டிக்கொண்டது.

சில்லை பறந்ததும் பதறி விதைகளை உதிர்த்தது. கடுகைவிடச் சிறிய விதைகள். பாதியை வளைக்குள் ஒளித்தது. மீதியை வெறும் தொட்டியில், கை எட்டும் ஆழம் வரை தோண்டிப் புதைத்தது. அதன்மேல் மண், மண்மேல் சருகு, சருகுமேல் ஓர் ஓட்டுச்சில்லு. "இனி எவன் தொடுறான்னு பார்ப்போம்!"

யாரும் தொடவில்லை. முளைக்கவும் இல்லை.

கார்த்திகை பிறந்தது. பதறிக்குச் சோறு இறங்கவில்லை. எழுந்ததும் தொட்டி, படுக்கும்முன் தொட்டி. மூடியதை நோண்டிப் பார்க்கும். யாராவது பார்த்துவிட்டார்களோ என்று பயந்து இன்னும் ஆழமாய்ப் புதைக்கும். மேலே தேனீக்கள் புது இடம் தேடி ஆளனுப்பத் தொடங்கிவிட்டன. சாரை புதரை விட்டு வெளியே வந்து பங்களாக் கிணற்றடியில் படுத்தது.

"என்ன பதறி, தோட்டம் எப்படி? குட்டிங்க கொழுகொழுன்னு இருக்கா?"

அன்று பதறி தொட்டியை அடிவரை கிளறிவிட்டது. விதைகள் அழுகிக் கிடந்தன. அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதது.

சில்லை படிமேல் வந்து இறங்கியது. "மூடிட்டியா?"

"மூடிட்டேன். நீ தின்னுடுவேன்னு பயந்து மூடிட்டேன்."

"தின்பேன்தான். குருவி வேற என்ன செய்யும்? ஆனா நான் தின்னா கொஞ்சமாவது மிச்சம் இருக்கும். நீ மூடினதுல ஒண்ணு மிஞ்சிச்சா?"

பதறிக்குச் சுருக்கென்றது. வளைக்கு ஓடி மீதி விதையைக் கொண்டுவந்தது. மண்ணைச் சமன் செய்து மேலாகத் தூவியது. வானத்தைப் பார்த்துக்கொண்டு திறந்து கிடந்த விதைகளைக் கண்டதும் ஓரத்திலிருந்து மண்ணை அள்ளியது.

"ஒரே ஒரு பிடி மண்ணு போட்டுக்கட்டுமா?"

"கூடாது!"

பதறி வாலைத் தண்ணீரில் முக்கி வந்து, தொட்டிமேல் உதறித் தெளித்தது. பிறகு தன் நெல்லைக் கொண்டுவந்து சில்லையின் முன்னால் பரப்பியது. "இதை நிறையத் தின்னு. அதைக் கொஞ்சமாத் தின்னு, தாயே."

சில நாளில் தொட்டியெங்கும் பச்சை அரும்பியது. பதறி குதித்த குதி இருக்கிறதே! அடுத்த வாரம் பார்த்தால், சில்லை நாற்று நாற்றாய்ப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தது.

"அடிப்பாவி! நெல்லையும் தின்னுட்டு இதையுமா?"

"கத்தாதே. நெருக்கமா நின்னா எல்லாமே நோஞ்சானாப் போயிடும். அந்த அம்மாவும் கலைச்சுதான் விட்டாங்க. அவங்க பிடுங்கித் தூரப் போட்டாங்க, நான் பிடுங்கித் தின்னுறேன். அவ்வளவுதான்."

பதறி நம்பவும் முடியாமல், விரட்டவும் முடியாமல் நின்றது. ஆனால் மிஞ்சிய செடிகள் பக்கவாட்டில் படர்ந்தன. மார்கழிப் பனியில் மொட்டு வைத்தன. மொட்டு மட்டும்தான். தினமும் போய்ப் பார்க்கும், மூடிய மொட்டு மூடியபடியே இருக்கும்.

தை பிறந்தது. காலையில் பொந்து வாசலில் தேனீக்கள் கொத்தாய்த் திரண்டன. ராணி வெளியே வந்தது. "பதறி, எங்களை மன்னிச்சிடு" என்றது. கூட்டம் ஹோவென்று எழும்பியது.

கிணற்றடியில் சாரை நெளிந்து புறப்பட்டது.

பதறி குட்டிகளை உள்ளே தள்ளிவிட்டு, வளை வாயில் தன் உடம்பையே அடைத்து நின்றது. சாரை வேருக்கு வந்துவிட்டது. தலையைத் தூக்கியது.

அந்த நேரம் பார்த்து வெயில் படிக்கட்டில் ஏறியது. தொட்டியில் மொட்டுகள் வெள்ளையாய் விரிந்தன. காற்று தொட்டியைத் தடவிக்கொண்டு வந்தது. தேன் வாசம்!

"திரும்புங்க!" என்று கத்தியது ராணி. "கீழே பூ இருக்கு! நம்ம வாசல்லயே இருக்கு!"

போன கூட்டம் அப்படியே வளைந்து இறங்கியது. மரத்தடியில் சாரையைப் பார்த்ததும் ஆத்திரத்தோடு அதன்மேல் பாய்ந்தது. சாரை வந்த வழி தெரியாமல் புரண்டு ஓடி, அடுத்த மலைக்கே போய்ச் சேர்ந்தது.

பூக்கள் முடிந்து நெற்று காய்ந்தது. பதறி புது விதைகளை உதிர்த்துக்கொண்டு தொட்டிக்குப் போனது. பழக்க தோஷம், கை தானாகவே மண்ணைத் தோண்டப் போனது. பதறி அந்தக் கையை மறுகையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "சில்லை! எங்கே இருக்கே? சாப்பிட வா!" என்று குரல் கொடுத்தது.

நீதி: பயந்து புதைத்தது மண்ணோடு போகும், பயந்தாலும் திறந்து வைத்ததே முளைக்கும்.