வாய் நிறைய நார்

காட்டோரக் குளத்தங்கரையில், தாழம்புதருக்கு அடியில் ஒரு மூஞ்சூறு குடியிருந்தது. பேர் செம்பி. அதற்கு நாலு குட்டிகள். மொச்சை, துவரை, பயறு, எள்ளு. நாலுக்கும் இன்னும் சரியாகக் கண் திறக்கவில்லை.

செம்பியின் வளை சின்னதுதான். ஆனால் உள்ளே மெத்துமெத்தென்று நார்ப் படுக்கை இருந்தது. குளத்தில் மிதந்து வந்த தேங்காய் மட்டையை இழை இழையாகக் கடித்து, வயிற்றில் குட்டிகளோடு செம்பியே போட்ட படுக்கை அது.

ஒரு நாள் காலையில் பக்கத்து வளைத் தவளை தாவி வந்தது.

"தாயி! மலையில நல்ல மழை! ஓடை பொங்கி வருது! பொழுது சாயறதுக்குள்ள உன் வீட்டுக்குள்ள நான் நீச்சலடிப்பேன் பாரு!"

"என்னண்ணே, இதைப் போய்ச் சிரிச்சுக்கிட்டே சொல்றீங்க! என் பிள்ளைங்க இன்னும் கண்ணே திறக்கலையே!"

"தண்ணின்னா எனக்குக் கல்யாணச் சாப்பாடு மாதிரி. அதான் சிரிப்பு வந்துருச்சு, கோவிச்சுக்காதே! மேட்டுல ஒரு பழைய கரையான் புத்து காலியாக் கிடக்கு. சீக்கிரம் கிளம்பு!"

செம்பி வளைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. எதை எடுப்பது, எதை விடுவது? பாவம், அது கனவிலும் நினைக்காத காரியம்!

தாழை மடலில் ஏறிக்கொண்டிருந்த நத்தை எட்டிப் பார்த்தது.

"என்னடி செம்பி, இந்த ஓட்டம் ஓடுறே? என்னை மாதிரி வீட்டை முதுகுல கட்டிக்கிட்டா இந்தப் பாடு உண்டா?"

"ஆமாக்கா! ஆனா உங்க வீட்டுல நாலு பிள்ளைங்களைப் படுக்க வைக்க இடமில்லையே!"

நத்தை கொம்பை உள்ளே இழுத்துக்கொண்டது.

மூஞ்சூறுகள் வழி நடப்பதற்கு ஒரு முறை உண்டு. மூத்த குட்டி அம்மாவின் வாலடியைக் கடித்துக்கொள்ளும். அதன் வாலடியை அடுத்தது கடித்துக்கொள்ளும். இப்படியே ரயில் மாதிரி வரிசையாகப் போகும். பிள்ளைகள் வாயைத் திறக்கக் கூடாது. அம்மா வாயை மூடக் கூடாது. அம்மா 'கீச் கீச்' என்று பேசிக்கொண்டே போனால்தான், கண் தெரியாத குட்டிகளுக்கு அம்மா முன்னால் இருப்பது தெரியும்.

குட்டிகள் வரிசையாகப் பிடித்துக்கொண்டன. கடைசியில் எள்ளு.

செம்பி திரும்பிப் படுக்கையைப் பார்த்தது. புற்றுக்குள்ளே வெறும் மண்தானே இருக்கும்? பிள்ளைகளுக்குக் குளிருமே! மனசு கேட்கவில்லை. வாய் கொள்ளுமட்டும் நாரைக் கவ்விக்கொண்டு கிளம்பிவிட்டது.

கோரைப்புல்லுக்குள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. செம்பி வேக வேகமாக நடந்தது. வாய் நிறைய நார். ஒரு சத்தம் இல்லை.

எள்ளுக்குக் கால் நனைந்தது. காதைத் தீட்டிக் கேட்டது. தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது. அம்மா எங்கே?

"அம்மா!" என்று வாயைத் திறந்தது. அவ்வளவுதான், பிடி விட்டுப் போயிற்று!

மேட்டுக்குக் கிட்டே வந்ததும் செம்பிக்குப் பின்னால் பாரம் குறைந்தது போல இருந்தது. திரும்பிப் பார்த்தது. மொச்சை, துவரை, பயறு. எள்ளைக் காணோம்!

கூப்பிட வேண்டும். ஆனால் வாயில் நார். கீழே போட்டால் தண்ணீர் கொண்டுபோய்விடும். அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்தது!

கண்ணை மூடித் திறக்கும் நேரம்தான் யோசித்தது. தொப்பென்று நாரைப் போட்டது.

"எள்ளு! என் கண்ணு! அம்மா இங்கேதான் இருக்கேன்!"

"அம்மா! இங்கே! புல்லைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்!"

மூன்று குட்டிகளையும் இழுத்துக்கொண்டே செம்பி தண்ணீருக்குள் திரும்பி ஓடியது. கழுத்தளவு தண்ணீரில் ஒரு கோரைத் தட்டையைக் கட்டிக்கொண்டு நடுங்கியது எள்ளு.

"சத்தமே இல்லையேம்மா! நீ எங்களை விட்டுட்டுப் போயிட்டேன்னு நினைச்சேன்!"

"விட்டுட்டா? உன்னையா? பிடிடா வாலை!"

இந்தத் தடவை செம்பி வாயை மூடவே இல்லை. "இங்கே ஒரு கல் இருக்கு... இங்கே வழுக்கும்... இதோ மேடு... வந்தாச்சு, வந்தாச்சு..." என்று பேசிக்கொண்டே போனது.

புற்றுக்குள்ளே வெறும் மண்தான். வெளியே தண்ணீர் நாரைச் சுழற்றிச் சுழற்றிக் கொண்டுபோனது. செம்பிக்கு அழுகை வந்துவிட்டது.

"உங்களுக்குப் படுக்கக்கூட ஒண்ணும் இல்லையே!"

"இங்கே நல்லாத்தான் இருக்கு," என்றது எள்ளு, அம்மாவின் வயிற்றுக்கடியில் புகுந்துகொண்டு. "நீ பேசிக்கிட்டே இரும்மா. நான் தூங்கறேன்."

இருக்கிற வீட்டைத் திடீரென்று விட்டுப் போக நேர்ந்தால், சாமான் போனாலும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். பயந்த பிள்ளைக்கு அந்த நேரத்தில் வேண்டியது அம்மாவின் குரல்தான்.