சந்தேகத்துக்கு ஒருவர்

குரு சிஷ்யனை "சார்" என்று கூப்பிடும் ஊர் ஒன்று உண்டு. அது சென்னையில் இருக்கும் சாலிகிராமம். அங்கே குரு ஜெசிந்தாவுக்கு முப்பத்தாறு வயது. சிஷ்யன் குலோத்துங்கனுக்கு ஐம்பத்தொன்று.

ஜெசிந்தா சினிமா எடிட்டர். த்ரில்லர் படம் என்றால் தயாரிப்பாளர்கள் அவளுடைய இரண்டாம் மாடி எடிட்டிங் ரூமுக்குத்தான் மூச்சு வாங்கப் படியேறுவார்கள். குலோத்துங்கன் இருபத்திரண்டு வருஷம் உதவி இயக்குநராகவே காலம் தள்ளியவன். கூட வந்தவர்களெல்லாம் கார் வாங்கி, சிலர் அதை விற்றும் முடித்த பிறகு, இவன் அவள் நாற்காலிக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து தொழில் கற்றான். இப்போது ஒருவழியாக முதல் படம். பத்தொன்பதாம் தேதி ரிலீஸ்.

அவள் கற்றுக்கொடுத்தது அதிகமில்லை. ஆபத்தானவன் முகத்தைக் கடைசியில் காட்டு. முதலில் செருப்பு, அப்புறம் கை, அப்புறம் முதுகு. முதலில் பூனை குதிக்கட்டும், ஆள் பிறகு வரட்டும். அலறலுக்கு முன்னால் ஒரு மூச்சு நேரம் எல்லாச் சத்தத்தையும் நிறுத்து. அப்புறம், சந்தேகத்துக்கு ஒருவன் கட்டாயம் வேண்டும். நிஜக் கொலைகாரன் சிரித்துக்கொண்டே பக்கத்தில் நிற்க, ஜனங்கள் கடைசி வரை இவனையே முறைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

குலோத்துங்கன் படத்தில் சந்தேகத்துக்கு என்று வைத்த ஆள், ஒரு வெள்ளிக்கிழமை காலை காக்கிச் சட்டையோடு படியேறி வந்தார். பெயர் மாசானம்.

வளசரவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் படம் பிடித்தார்கள். மாசானம் அங்கே பதினோரு வருஷமாக வாட்ச்மேன். நடிகரைத் தேடுவானேன் என்று குலோத்துங்கன் அவரையே நடிக்க வைத்துவிட்டான். அதே கேட், அதே சட்டை, படத்திலும் அதே பெயர். வேலை மிச்சம் என்று அப்போது சந்தோஷப்பட்டான். பிறகு டீசர் வெட்டியதும் அவன்தான், கற்ற வித்தையை ஒன்று விடாமல் காட்டி. செருப்பு, டார்ச் பிடித்த கை, முதுகு, கடைசியில் திரும்பும் முகம். பன்னிரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்.

"சார்," என்றார் மாசானம். "படத்துல நான் யாரையும் கொல்லலல்லா?"

"இல்லண்ணே. நீங்க கேட்டைத் தொறக்கறீங்க, மூடறீங்க. அவ்வளவுதான்."

"அதை எங்க குடியிருப்புல வந்து சொல்லுங்க. பிள்ளைய எல்லாம் என்னயக் கண்டா லிஃப்டுக்குள்ள ஓடிருதுவ. மூணாம் மாடி அம்மா, இவன் முழியே சரியில்லன்னு எழுதிக் குடுத்துட்டாவ. ஞாயித்துக்கிழம மீட்டிங். என்னய அனுப்பப் போறாவ."

"நான் வேற எங்கயாவது சொல்லிப் பாக்கறேன் அண்ணே..."

"மூஞ்சி இதுதான சார்? இதை வச்சிக்கிட்டு இனி எந்தக் கேட்டுல போயி நிப்பேன்?"

குலோத்துங்கன் அவரைத் தண்ணீர் குடிக்க வைத்து அனுப்பிவிட்டுத் தயாரிப்பாளருக்குப் போன் போட்டான்.

"அவன் கொலைகாரன் இல்லன்னு சொல்லிட்டா அப்புறம் எவன்யா டிக்கெட் வாங்குவான்?" என்றார் தயாரிப்பாளர். "ஒரு வார்த்தை வெளிய போச்சு, டைட்டில்ல உன் பேர் இருக்காது. மறுபடியும் போய் எவனுக்காவது கிளாப் அடி."

போனை வைத்துவிட்டார். ஜெசிந்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"மேடம்," என்றான் குலோத்துங்கன். "சொன்னா என் படம் போகுது. சொல்லலன்னா அந்த மனுஷன் பொழப்பு போகுது. கொலைகாரன் யாருன்னு சொல்லாம, இவர் இல்லன்னு மட்டும் எப்படிச் சொல்றது?"

அவள் படப்பிடிப்பு நடந்த நாட்களில் சும்மா எடுத்து வைத்திருந்த வீடியோக்களைத் தேடித் திறந்தாள். கால் மணி நேரம் எதையோ வெட்டினாள், ஒட்டினாள். அதுவரை அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாருங்க சார்."

திரையில் ஒரு செருப்பு. மெதுவாகப் படியேறியது. ஒரு கை. கையில் துணி சுற்றிய ஏதோ ஒன்று. பிறகு முதுகு. அடிவயிற்றைப் பிசையும் அந்த இசை, வழக்கம்போல. திடீரென்று எல்லாச் சத்தமும் நின்றது. குலோத்துங்கன் தன்னையறியாமல் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். முகம் திரும்பியது.

அது அவனுடைய முகம்தான்.

"என் வீட்டுக்காரி குடுத்துவிட்ட எலுமிச்சை சாதம் அது," என்றான். "டிபன் பாக்ஸை டவல்ல சுத்திக் குடுப்பா."

"தெரியும். அந்தச் சாதத்தை நானும் சாப்பிட்டிருக்கேன்."

அவன் ஸ்டூலிலிருந்து எழுந்தான். பிறகு சொன்னான்: "தப்பு என்னோடதுதான் மேடம்."

"கத்துக்குடுத்தவ நான். பாதி என்னோடது." அவள் எழுந்து தன் நாற்காலியைத் தள்ளிவிட்டாள். அவன் கற்க வந்த இரண்டு வருஷத்தில் அவனை அதில் உட்காரச் சொன்னதில்லை. "உக்காருங்க. மிச்சத்தை நீங்க வெட்டுங்க."

"யாரை வச்சு?"

"ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல யாரெல்லாம் உக்காரப் போறாங்க?"

அவனுக்குப் புரிந்தது. "தயாரிப்பாளருக்குத் தெரிஞ்சா..."

"கொலைகாரனைப் பத்தி ஒரு வார்த்தை பேசப் போறோமா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? பயமுறுத்தறதுதான் சார் நம்ம தொழில். பயப்படறது இல்ல."

ஞாயிறு காலை பத்து மணி. குடியிருப்பின் கூட்ட அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. மாசானத்துக்கு யாரும் நாற்காலி போடவில்லை. அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் கோதண்டபாணி பேத்தியை மடியில் வைத்திருந்தார்; மாசானத்தை நீக்கும் தீர்மானத்தை எழுதியே கொண்டு வந்திருந்தார்.

"ஷூட்டிங்ல உங்களையெல்லாம் எடுத்த வீடியோ இருக்கு," என்றான் ஜெசிந்தாவோடு வந்திருந்த குலோத்துங்கன். "ஒரு நிமிஷம் பாத்துட்டு அப்புறம் பேசலாம்."

மறுப்பவர் யாருமில்லை. தன் முகத்தைத் தானே பார்க்க யாருக்குக் கசக்கும்? படப்பிடிப்பு நாட்களில் கேமரா இருக்கும் பக்கமாகத் தலைசீவிக்கொண்டு நாலு நடை நடந்தவர்கள்தானே எல்லாரும். ஜெசிந்தா டிவியில் வயரைச் செருகினாள்.

திரையில் செயலாளரின் செருப்பு படியில் இறங்கியது. அவர் கை மொட்டைமாடிக் கதவைப் பூட்டி, சாவியை மெல்லப் பையில் போட்டது. மூன்றாம் மாடி மிருணாளினி அம்மாவின் கையில் கத்தரிக்கோல். ஒரு ரோஜாக் கிளை அறுந்து கீழே விழுந்தது. அவர் பால்கனியிலிருந்து குனிந்து, விழுந்த இடத்தையே பார்த்தார். சத்தம் நின்றது. செயலாளரின் முகம் திரும்பியது.

பின்வரிசையில் யாரோ "ஐயோ" என்றார்கள். செயலாளரின் மடியில் இருந்த பேத்தி மெதுவாக இறங்கிப் போய்த் தன் அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டாள்.

"அம்மு, தாத்தாடா," என்றார் செயலாளர்.

அம்மு வெளியே வரவில்லை.

மிருணாளினி அம்மா எழுந்தே விட்டார். "என்னைக் கொலைகாரி மாதிரி காட்டுவீங்களா? நான் செடிதானே வெட்டினேன்?"

"அவர் கேட்டைத்தானேம்மா தொறந்தார்?" என்றான் குலோத்துங்கன்.

செயலாளர் தொண்டையைச் செருமினார்.

"சரி, புரியுது. இருந்தாலும் படம் வர்ற வரைக்கும் மாசானம் ஊருக்குப் போயிட்டு வரட்டுமே. குழந்தைங்க பயப்படுதுங்க இல்லையா?"

எத்தனையோ இயக்குநர்களிடம் "சரிங்க சார்" சொல்லியே தேய்ந்த நாக்கு குலோத்துங்கனுடையது. அன்றைக்கு அது வேறு மாதிரி புரண்டது.

"அப்ப நீங்களும் ஊருக்குப் போயிட்டு வாங்க சார். உங்க பேத்தியும்தான் பயப்படுது."

யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்கள். செயலாளர் முகம் சிவந்துவிட்டது.

"உன் தயாரிப்பாளர் நம்பரைக் குடுய்யா."

குலோத்துங்கன் ஒவ்வோர் எண்ணாகச் சொன்னான். போனால் படம் போகட்டும் என்று அந்த நிமிஷம் நிஜமாகவே நினைத்தான். ஆறு எண் எழுதியதும் செயலாளரே நிறுத்திவிட்டார்.

வாசலில் இருந்து மாசானம் பேசினார். "நான் ஊருக்குப் போகமாட்டேன் சார். ஒரு தப்பும் பண்ணாம எதுக்குப் போகணும்?"

மிருணாளினி அம்மா செயலாளரிடம் போய்த் தன் புகார்க் கடிதத்தை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். செயலாளர் தீர்மானத் தாளை நாலாக மடித்தார்.

"சரி, அவர் இங்கயே இருக்கட்டும். ஆனா கொலைகாரன் யாருன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க," என்றார். குரலில் அதிகாரம் போய், டீசர் பார்த்த ஆளின் ஆவல் வந்திருந்தது. "இப்ப எல்லார் மேலயும் சந்தேகமா இருக்கு. யாரு எப்படின்னு தெரியாம, நாங்க யாரை நம்பி இங்க இருக்கறது?"

எல்லாரும் குலோத்துங்கனைப் பார்த்தார்கள். அவன் ஜெசிந்தாவைப் பார்த்தான்.

அவள் டிவியிலிருந்து வயரைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்:

"நீங்க யாரு எப்படின்னு தெரியாமத்தான் சார், பதினோரு வருஷமா அவர் உங்க எல்லாருக்கும் கேட்டைத் தொறக்கறார்."