முந்நூற்றுப் பன்னிரண்டு ஜன்னல்கள்

காலை பத்து நாற்பதுக்கு, முப்பத்தொரு வரைபடங்களைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கட்டடக் கலைஞர் அறவாழி கீரனூரில் ஒரு மாடிப்படி ஏறினார்.

கீழே சைக்கிள் கடை. மேலே மெஹருன்னிசா.

அறவாழிக்கு ஐம்பத்தெட்டு வயது. மெஹருன்னிசாவுக்கு நாற்பத்திரண்டு. பதினோரு ஆண்டு கல்லூரியில் கட்டட இயற்பியல் சொல்லிக்கொடுத்துவிட்டு வேலையை விட்டவர். அவர் பெயரில் ஒரு கட்டடமும் கிடையாது. அவரிடம் பாடம் கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் கட்டி முடித்துவிட்டு வருகிறவர்கள்.

"மேடம், சரியாக் கட்டின கட்டடம் ஏன் கொதிக்குது?"

செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டுவிட்டார்.

"உள்ள வாங்க சார். மூச்சு வாங்கிக்குங்க."

"அதுக்கு நேரம் இல்ல மேடம். புது வரைபடம் குடுக்கப் பதின்மூணு நாள்தான் இருக்கு."

உட்கார்ந்து சொன்னார். ஐந்தாறு ஆண்டுக்கு முன் ஒரு பல்கலைக்கழகத்துக்கு அறிவியல் புலக் கட்டடம் வரைந்துகொடுத்தார். கனமான சுவர். ஜன்னல்கள் எல்லாம் வடக்கும் தெற்கும். வெயில் படாமல் நீண்ட மறைப்பு. மின்சாரம் அதிகம் இல்லாமலே உள்ளே இருபத்தொன்பது டிகிரிக்கு மேல் போகாது என்று கணக்கு. பசுமைக் கட்டடச் சான்றில் முதல் தரம் கிடைத்தது. வாசலில் பித்தளைப் பலகை அடித்தார்கள்.

இப்போது உள்ளே முப்பத்தேழு டிகிரி. நாற்பத்தேழு அறைகளில் ஏசி மாட்டிவிட்டார்கள்.

"இப்ப மொழிப் புலத்துக்குப் புதுக் கட்டடம். அதையும் நான்தான் வரையணும். ஆனா கட்டடக் குழுவுல சிரிக்கறாங்க. இந்தத் தடவையும் இதே கதைன்னா வேற கம்பெனிக்குக் குடுத்துடுவாங்க. முழுக்கக் கண்ணாடி, முழுக்க ஏசி. அந்தப் படம் துணைவேந்தர் ரூம்ல இப்பவே மாட்டியாச்சு."

"ம்."

"சுவர்ல தப்பில்ல. திசையில தப்பில்ல. எல்லாத்தையும் மூணு தடவை பாத்துட்டேன். நான் எதை விட்டேன்?"

அவர் வரைபடங்களை விரிக்கப் போனார். மெஹருன்னிசா கையால் தடுத்தார்.

"சார், அந்த ஜன்னலை மூடுங்க."

அறவாழி எழுந்து மூடினார்.

"எல்லாத்தையும்."

வீட்டில் ஒன்பது ஜன்னல்கள். ஒன்றுக்குத் தாழ்ப்பாள் மேலே இருந்தது. முக்காலி போட்டு ஏறினார். ஒன்று பீரோவுக்குப் பின்னால். சமையலறை ஜன்னலுக்குப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல் சாய்ந்து எட்ட வேண்டியிருந்தது. சட்டை நனைந்தது.

"ஒன்பது நிமிஷம்," என்றார் மெஹருன்னிசா, கைப்பேசியைப் பார்த்து. "இப்பத் திறங்க."

திறந்தார்.

"மூடுங்க."

"மேடம், எனக்கு அம்பத்தெட்டு வயசு."

"ஜன்னலுக்கு அது தெரியாது சார்."

மூடினார். இந்தம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார். அல்லது தன்னை அவமானப்படுத்தச் சொல்லிக் கட்டடக் குழுவே இவரை ஏவியிருக்கிறதோ என்றும் நினைத்தார்.

"உங்க கட்டடத்துல எத்தனை ஜன்னல்?"

"ஏழு வகை."

"எத்தனைன்னு கேட்டேன்."

அறவாழிக்குச் சுவரின் வெப்பக் கடத்தல் மூன்று தசம இடம் வரை மனப்பாடம். இது தெரியவில்லை. வரைபடச் சுருளைத் தேடினார்.

"பேப்பர்ல எண்ணாதீங்க. போய் எண்ணிட்டு வாங்க."

"எண்ணினா?"

"எண்ணிட்டு வாங்க சார்."

மாடிப்படி இறங்கும்போது சைக்கிள் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன சார், ஜன்னலா?"



*

மறுநாள் மதியம் எண்ணத் தொடங்கினார்.

வேதியியல் பேராசிரியர் ஒருவர் வழியில் நின்று பார்த்தார். "என்ன சார், வித்துட்டாங்களா? சரக்கு சரிபாக்கறீங்களா?"

நூற்றுத் தொண்ணூறில் கணக்கு தப்பியது. மறுபடி முதல் மாடிக்கு இறங்கினார்.

ஆறரை மணிக்கு இரண்டாம் மாடி வராந்தாவில் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொருவர் எண்ணிக்கொண்டே வந்தார். காக்கிச் சட்டை. கையில் ஒரு நீளக் கம்பு. அதன் நுனியில் கொக்கி. ஒவ்வொரு ஜன்னலையும் இழுத்து மூடி, கம்பால் மேல் தாழ்ப்பாளைத் தள்ளினார்.

காவலர் சூசைமாணிக்கம்.

"நூத்தி எழுபத்தி ஒண்ணு," என்றவர் நின்றார். "யாருங்க சார் நீங்க? ஆபீஸ் முடிஞ்சிருச்சு."

"இந்தக் கட்டடத்தை வரைஞ்சவன்."

சூசைமாணிக்கம் கம்பைச் சுவரில் சாத்தினார். ஏற இறங்கப் பார்த்தார்.

"இத்தனை ஜன்னல் வச்ச புண்ணியவான் நீங்கதானா? மூணு வருஷமாத் தேடிக்கிட்டு இருக்கேன்."

"மொத்தம் எத்தனை?"

"முந்நூத்திப் பன்னெண்டு. ரெண்டு மணி நேரம் ஆகுது. தோள்பட்டை போச்சு."

"ஏன் மூடறீங்க?"

"இது என்ன கேள்வி சார்? திறந்த நாலாம் மாசமே ரெண்டு கம்ப்யூட்டர் காணாமப் போச்சு. ஜன்னலுக்குக் கம்பியே வைக்கலயே நீங்க. அன்னைக்கு சர்குலர் போட்டாங்க. அஞ்சரைக்கு ஆரம்பிச்சு எல்லாத்தையும் மூடணும். ஒண்ணு திறந்திருந்தாலும் எனக்கு மெமோ."

கம்பி வைத்தால் முகப்பு கெடும் என்று அறவாழிதான் வேண்டாம் என்றிருந்தார்.

"ராத்திரி பூரா இது திறந்திருக்கணும்," என்றார். "அப்பத்தான் சுவர் ஆறும். ஆறின சுவர்தான் பகல்ல குளிர்ச்சி குடுக்கும். நீங்க மூடினா சூட்டை உள்ள வச்சுப் பூட்டற மாதிரி."

"யார் சொன்னா?"

"வரைபடத்துல எழுதியிருக்கேன்."

"எனக்கு வரைபடம் தரலயே சார். சாவிதான் தந்தாங்க."

அவர் கம்பை எடுத்துக்கொண்டார்.

"நகருங்க. நூத்தி எழுபத்தி ரெண்டு."

*

அறவாழி இரண்டாம் முறை கீரனூர் போனபோது முகம் தெளிவாக இருந்தது. படியை வேகமாக ஏறினார்.

"கண்டுபிடிச்சுட்டேன் மேடம். கட்டடத்துல தப்பே இல்ல. ராத்திரி காவலர் சூசைமாணிக்கம் ஜன்னலை மூடிடறார். அவ்வளவுதான்."

"என்ன செய்யப் போறீங்க?"

"பதிவாளரைப் பாத்து, மூடச் சொன்ன சர்குலரை மாத்தச் சொல்லப் போறேன்."

"பதிவாளர் எத்தனை வருஷம் இருப்பார்?"

"மூணு வருஷம்."

"கட்டடம்?"

அறவாழி யோசித்தார். "சரி, புதுக் கட்டடத்துல எல்லா ஜன்னலுக்கும் கம்பி வச்சுடறேன். திருட்டுப் பயம் இல்ல. திறந்தே கிடக்கட்டும்."

"மழை அடிச்சா?"

"மூடணும்."

"யாரு?"

அறவாழி இதற்கும் தயாராக வந்திருந்தார். சிரித்துக்கொண்டே ஒரு வண்ணப் புத்தகத்தை எடுத்தார்.

"யாரும் வேண்டாம் மேடம். மோட்டார். வெளிய சூடு குறைஞ்சா ஜன்னல் தானாத் திறக்கும். மழை வந்தா தானா மூடிக்கும். வெளிநாட்டுல எல்லா யுனிவர்சிட்டியிலயும் இப்ப இதுதான்."

மெஹருன்னிசா எழுந்து போனார். வாசல் பக்கம் மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினார்.

மின்விசிறி சுற்றி, தளர்ந்து, நின்றது.

அவர் உள்ளே போய் டீ போட்டார். இரண்டு டம்ளரில் கொண்டுவந்து வைத்தார். குடித்தார்கள். அறவாழிக்கு நெற்றியிலிருந்து மூக்கு வழியாக வியர்வை இறங்கியது.

"ஜெனரேட்டர் இருக்கு மேடம்," என்றார்.

மெஹருன்னிசா நின்றுபோன மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

"சரி, மோட்டார் ரிப்பேர் ஆகும். ஒத்துக்கறேன். ஆனா இது பதில் இல்லயே."

"நான் பதில் சொல்லல சார். ஃபேனை நிறுத்தினேன்."

"எல்லாத்தையும் வேண்டாம்னா நான் என்னதான் வரையறது? இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு. கண்ணாடி டப்பாவே கட்டட்டும்னு விட்டுடவா?"

"சூசைமாணிக்கம் மதியம் எங்க சாப்பிடறார்?"

"யாரு?"

"ஜன்னலை மூடறவர்னு சொன்னீங்களே."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப அதைத் தெரிஞ்சுக்கிட்டு வரைங்க."

அறவாழி எழுந்தார். தான் கேட்டது கட்டடத்தைப் பற்றி. இவர் கேட்பது ஒருவருடைய சோற்றைப் பற்றி. வண்ணப் புத்தகத்தை அங்கேயே மறந்துவிட்டு இறங்கினார்.

*

சூசைமாணிக்கத்துக்கு மதியம் இரண்டு மணிக்குப் பணி. ஒன்றரைக்கே வந்து சாப்பிட்டுவிடுவார் என்று வாசலில் சொன்னார்கள்.

"எங்க?"

"எல்லாரும் சாப்பிடற இடத்துலதான் சார். மேல, படிக்கட்டுல."

கட்டடத்தில் எண்பது இருக்கையுடன் உணவுக்கூடம் ஒன்றை அறவாழி வரைந்திருந்தார். அது காலியாக இருந்தது.

படி ஏறினார். வெளியே முப்பத்தொன்பது டிகிரி. இரண்டாம் மாடிவரை வெந்தது. அதற்கு மேல் ஒரு திருப்பத்தில் கழுத்தில் ஏதோ பட்டது. நின்றார்.

காற்று.

மொட்டை மாடிக்குப் போகும் கடைசிப் படிகளில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். துப்புரவுப் பணியாளர்கள் நால்வர். ஆய்வு மாணவிகள் சிலர். அவருடைய ஜன்னல்களை விற்றுவிட்டார்களா என்று கேட்ட அந்த வேதியியல் பேராசிரியரும் மடியில் கணினியை வைத்துக்கொண்டு சுவரோரம் இருந்தார். அவர் அறையில் ஏசி உண்டு.

"வாங்க சார்," என்றார் சூசைமாணிக்கம், டப்பாவிலிருந்து நிமிராமல். "இன்னைக்கு எதை எண்ண வந்தீங்க?"

அறவாழி பையிலிருந்து வெப்பமானியை எடுத்துப் படியில் வைத்தார். காத்திருந்தார். முப்பத்திரண்டு. சுவரைத் தொட்டார். குளிர்ந்திருந்தது.

நம்பாமல் கீழே ஒரு வகுப்பறைக்குப் போய் அளந்தார். முப்பத்தேழு. மறுபடி மேலே வந்தார். முப்பத்திரண்டுதான்.

"இங்க என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல சார்."

"ஏதாவது பண்ணாம இப்படி இருக்காது."

"நிசமா ஒண்ணும் பண்ணல. கீழ வாசல்ல கம்பி கேட். பூட்டினாலும் காத்து வரும். மேல அது." ஸ்பூனால் காட்டினார்.

படிக்கட்டின் உச்சியில், கூரையை ஒட்டி, அகலமான திறப்பு ஒன்று. கம்பி இருந்தது. புறா வராமல் வலை இருந்தது. மேலே மழை மறைப்பு இரண்டரை அடி நீண்டிருந்தது. கதவு மட்டும் இல்லை.

"கட்டும்போதே அதுக்குக் கதவு வரல. எனக்கும் எட்டாது. ராத்திரி பூராத் திறந்தே கிடக்கும். சர்குலர்ல முந்நூத்திப் பன்னெண்டு ஜன்னல்னுதான் இருக்கு, இது கணக்குல இல்ல. நானும் கண்டுக்கறதில்ல."

"அதுக்கும் ஆபத்து வந்திருக்குல்ல," என்றார் துப்புரவுப் பணியாளர் பவுனம்மா.

"ஆமா சார். அதுக்குக் கதவு போடலன்னு யாரோ ஒருத்தன் கான்ட்ராக்டருக்கு லெட்டர் மேல லெட்டர் போட்டுக்கிட்டே இருக்கானாம். போன வாரம் அளவெடுத்துட்டுப் போயிட்டாங்க. அவன் மட்டும் என் கையில கெடைச்சா..."

"கெடைச்சா என்னா செய்வ? அட்டென்ஷன்ல நின்னு சல்யூட் அடிப்ப," என்றார் பவுனம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். பேராசிரியரும் சிரித்தார்.

ஒப்பந்ததாரருக்கு அனுப்பிய பட்டியல்: விடுபட்ட வேலைகள், இனம் இருபத்து மூன்று. படிக்கட்டு உச்சித் திறப்புக்குக் கதவு பொருத்தப்படவில்லை. நான்கு நினைவூட்டுக் கடிதங்கள். கடைசிக் கடிதம் கொஞ்சம் கடுமையாக எழுதப்பட்டிருந்தது.

"நான்தான்," என்றார் அறவாழி.

சிரிப்பு நின்றது.

அவர் அந்தத் திறப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். நின்ற இடத்திலேயே, படியின் நடுவில், உட்கார்ந்தார்.

டப்பா மூடும் சத்தம் கேட்டது.

"சார்," என்றார் பவுனம்மா.

"சொல்லும்மா."

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க. காத்தை மறைக்கிறீங்க."

*

2021 டிசம்பர் 6, திங்கட்கிழமை, அறவாழி வரைந்த மொழிப் புலக் கட்டடம் திறக்கப்பட்டது. அன்று மாலை ஐந்தரைக்கு, அங்கே கதவு வைத்த ஜன்னல்களை மட்டும் மூடத் தொடங்கிய காவலர் சூசைமாணிக்கம், ஐந்து நாற்பத்தைந்துக்கு மூடி முடித்ததாகப் பதிவேட்டில் கையெழுத்திட்டார்.