இருக்கியா என்று கேட்ட குருவி

அந்தக் காலத்தில் எல்லாப் பறவைக்கும் பேச்சு இருந்தது. தவிட்டுக்குருவிக்கும் இருந்தது, ஆனால் அது சத்தமாகப் பேசாது. இன்றைக்கு வேலியோரம் கூட்டமாகக் கூடிக் காது கிழியக் கத்துகிறதே, அதே குருவியைத்தான் சொல்கிறேன். அன்றைக்கு அதைப் போல வாயடக்கம் உள்ள பறவை கிடையாது என்று காக்கைகூடச் சொல்லும். வாயைத் திறந்தால் வல்லூறு வரும் என்று குஞ்சிலேயே சொல்லி வளர்ப்பார்கள். ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு மரத்தில் தனித்தனியாக இருக்கும். அடுத்த மரத்தில் கூடப்பிறந்தவன் இருந்தாலும் நல்லது கெட்டதுக்குத்தான் போய்ப் பார்ப்பார்கள். சத்தமில்லாத வீடு என்று பெயர் எடுப்பதைவிடப் பெரிய சொத்து அவர்களுக்கு வேறு இல்லை.

இப்படிப்பட்ட இனத்தில் வந்து பிறந்தாள் பேச்சியாச்சி. பெயருக்கேற்றபடி வாய் மூடாதவள்.

ஒரு குளத்துக் கரைமேல் நின்ற உடைமரத்தில் அவள் வீடு. மூத்த மகன் சுடலை கீழே புளியமரத்தில் இருந்தான். அடுத்தவள் இசக்கி வேப்பமரத்தில். கடைக்குட்டி சடச்சிக்குப் பூவரசு. மூன்று மரமும் உடைமரத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். "எங்ககூட வந்து இரும்மா" என்று மூன்று பேரும் ஊருக்காக ஒரு தடவை கேட்டார்கள். "முள்ளு மரம்னாலும் என் மரம்" என்று ஆச்சி சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

விடிந்ததும் ஆச்சிக்கு முதல் வேலை, கிளை நுனியில் வந்து உட்கார்ந்து கூப்பிடுவது.

"ஏலே சுடலை, இருக்கியாலே? ஏட்டி இசக்கி, இருக்கியா? சடச்சி, இருக்கியாட்டி?"

யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். சத்தம் போடக் கூச்சம். புளியமரத்தில் ஒரு கொப்பு அசையும், வேம்பில் ஒரு பழுத்த இலை விழும், பூவரசில் ஒரு மஞ்சள் பூ ஆடும். ஆச்சிக்கு அது போதும். "இருக்காக, எல்லாரும் இருக்காக" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இரை தேடக் கீழே இறங்குவாள்.

பங்குனி பிறந்துவிட்டால் அவளைப் பிடிக்க முடியாது. வேப்பம்பூ உதிரும் காலம். இசக்கி வீட்டு வாசலில் நின்று, உதிர்ந்த பூவுக்கடியில் வரும் எறும்பைக் கொத்துவாள். சருகைப் புரட்டிக் கரையான் கிடைத்தால் தான் தின்னாமல் சடச்சி வீட்டுக்குக் கொண்டுபோவாள். உச்சி வெயிலில் புளியமரத்து நிழலில் புழுதி குளிப்பாள். சுடலை பெண்டாட்டி மூஞ்சியைத் திருப்பிக்கொள்வாள். "உன் நிழலு தேஞ்சா போயிரும்?" என்பாள் ஆச்சி.

அவளுக்கு ஒரே ஒரு கிறுக்கு உண்டு. நார் எடுப்பது. பனைநார், தென்னைநார், எங்கோ கிழிந்து கிடக்கும் சாக்கு, எதைக் கண்டாலும் உட்கார்ந்து ஒவ்வொரு இழையாக உருவுவாள். முட்டையிடும் வயசெல்லாம் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும் வருஷா வருஷம் கோடை தொடக்கத்தில் ஒரு கூடு கட்டி, அதற்கு மெத்தை போட்டுவிடுவாள்.

"கிழவிக்கு எதுக்கு மெத்தை?" என்று இசக்கி கேலி பண்ணுவாள்.

"எனக்காட்டி? நம்ம பூங்கனிக்கு. அவ முதல் முட்டை என் மெத்தையிலதான் இருக்கணும்."

பூங்கனி சடச்சியின் ஒரே மகள். அந்த வருஷம்தான் அவளுக்கு இறகு முழுசாக முளைத்துக் கல்யாணப் பேச்சு வந்தது. தென்தோப்பில் ஒரு பெரிய குடும்பம். அங்கே இலை விழுந்தாலும் சத்தம் வராது என்று பெயர். பெண் பார்க்க வருகிறோம், வீடு எப்படி என்று பார்த்துப் பிடித்தால்தான் வாய் நனைப்போம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

சேதி கேட்ட சடச்சி பூவரசை விட்டுக் கிளம்பினாள். நேராக உடைமரத்துக்கு வந்தாள். அவள் அங்கே வந்து எவ்வளவோ நாளாயிற்று. ஆச்சிக்குக் கால் தரையில் பாவவில்லை.

"வாட்டி, வா. மெத்தையப் பாரு. பாதி முடிஞ்சிருக்கு."

"எம்மா, நான் ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"காலையில நீ கூப்பாடு போடுதேல்லா, அத விட்டுருமா. தென்தோப்புக்காரங்க எப்ப வந்து நிப்பாங்கன்னு தெரியாது. பூங்கனி வாழ்க்கைம்மா."

ஆச்சி அலகிலிருந்த நாரை மெத்தையில் செருகப் போனாள். செருகாமல் கீழே வைத்தாள்.

"நான் கூப்பிடலைன்னா நீங்கள்லாம் இருக்கீகளான்னு எனக்கு எப்படிட்டி தெரியும்?"

"நாங்க எங்கம்மா போயிரப் போறோம்?"

அது சரிதானே என்று ஆச்சிக்கும் பட்டது. ஆச்சி இருக்கிறாளா என்று பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும் என்பதை அன்றைக்கு அந்த மரத்தில் இருந்த இரண்டு பேருமே யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

"சரி. பூங்கனி கல்யாணம் முடியுற வரைக்கும் என் வாயிலருந்து சத்தம் வராது. போ" என்றாள் ஆச்சி.

மறுநாள் விடியல் அமைதியாக இருந்தது. சுடலை நன்றாகத் தூங்கினான். இசக்கிகூட, இப்பத்தான் நாலு பேர் மதிக்கிற குடும்பமாட்டம் இருக்கு என்றாள். ஆச்சி கிளை நுனியில் உட்கார்ந்து மூன்று மரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கூப்பிடாததால் கொப்பும் அசையவில்லை, பூவும் ஆடவில்லை. எப்போது இறங்கி இரை தேடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சித்திரை வெயில் ஏறியது. அவள் பிள்ளைகள் வீட்டுக்குப் போவதும் குறைந்தது. பேசாமல் போய்ப் பேசாமல் திரும்புவதற்கு எதற்குப் போவது? ஆச்சியைக் காணவில்லையே என்று சுடலைக்குத் தோன்றினால், இசக்கி வீட்டில் இருப்பாள் என்று நினைத்துக்கொள்வான். இசக்கி, சடச்சி வீட்டில் என்று நினைப்பாள். சடச்சிக்கு நினைக்கவே நேரமில்லை.

குளம் வற்றிவிட்டது. ஊர்க்காரர்கள் வந்து கடைசி மீனைப் பிடித்துக்கொண்டு, கிழிந்த வலைத்துண்டு ஒன்றைக் கரையோரத்துச் சங்கஞ்செடி முட்புதர்மேல் எறிந்துவிட்டுப் போனார்கள். பால் மாதிரி வெள்ளை நூல். இவ்வளவு மெல்லிசான இழையை ஆச்சி தன் ஆயுசில் கண்டதில்லை. மெத்தைக்கு மேல்விரிப்பு ஆயிற்று என்று காலையிலேயே அங்கே போய்விட்டாள்.

அன்றைக்குத்தான் தென்தோப்புக்காரர்களும் வந்தார்கள்.

அவர்கள் பூவரசில் வந்து இறங்குவதை ஆச்சி சங்கஞ்செடியிலிருந்தே பார்த்தாள். மாப்பிள்ளை லட்சணமாகத்தான் இருந்தான். அந்தச் சந்தோஷத்தில் இழையை வெடுக்கென்று இழுத்தாள். வலை சுருண்டு காலில் விழுந்தது. உதறினாள், இறுகியது. மறு காலால் தள்ளினாள், அதுவும் மாட்டிக்கொண்டது. சிறகை அடித்தாள். முள்ளும் நூலுமாகச் சிறகும் பின்னிக்கொண்டது. தலைகீழாகத் தொங்கினாள்.

கூப்பிட்டால் போதும். பூவரசு அங்கேதான் இருக்கிறது. அவள் அலகைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். விருந்தாளிகள் இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். வாய் நனைக்கட்டும், போகட்டும், அப்புறம் கூப்பிடலாம். ஒரு பொழுதுதானே. எத்தனை வெயிலைப் பார்த்திருக்கிறோம்.

வெயில் உச்சிக்கு வந்தது. சங்கஞ்செடிக்கு நிழல் என்று ஒன்று உண்டா? விருந்தாளிகள் எழுந்திருக்கிற வழியைக் காணோம். ஆச்சிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. முதலில் காலில் வலி இருந்தது, பிறகு அது போய்விட்டது. போனதுதான் அவளைப் பயமுறுத்தியது. வாக்காவது ஒன்றாவது என்று கூப்பிட்டாள். பாவி மனுஷிக்குக் கூப்பிட வேறு வார்த்தை தெரியவில்லை. காப்பாத்து என்று ஒரு நாளும் கேட்டுப் பழகாத வாய் அது. தெரிந்ததைத்தான் கூப்பிட்டாள்.

"சுடலை... இருக்கியாலே? இசக்கி... சடச்சி... இருக்கியாட்டி?"

வறண்ட தொண்டையிலிருந்து கரகரவென்று வந்தது அந்தச் சத்தம்.

மாப்பிள்ளையின் தாய் கழுத்தைத் திருப்பினாள். "அது என்ன மதினி சத்தம்?"

சடச்சிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாக்குக் கொடுத்துவிட்டு, இன்றைக்குப் பார்த்தா ஆரம்பிக்க வேண்டும்?

"வாகை நெத்து மதினி. வெயிலுக்குக் காஞ்ச காய் காத்துல கலகலங்குது."

காற்றே இல்லை. இருந்தாலும் தென்தோப்புக்காரி தலையசைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை சத்தம் வந்தது, இன்னும் மெல்ல. பிறகு வரவில்லை. நல்ல வேளை, புரிந்துகொண்டாள் என்று சடச்சி மூச்சு விட்டாள்.

சாயங்காலம் விருந்தாளிகள் வாய் நனைத்தார்கள். "இப்படிச் சத்தமில்லாத வீட்டை நாங்க பாத்ததே இல்ல. பொண்ணு எங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, முகூர்த்தம் குறிக்க மறுநாளும் இருப்பதாகத் தங்கிவிட்டார்கள். சடச்சி நல்ல சேதி சொல்ல உடைமரத்துக்குப் பறந்தாள். கூடு வெறுமையாக இருந்தது. கோபித்துக்கொண்டு இசக்கி வீட்டுக்குப் போயிருப்பாள், நாளைக்குச் சமாதானம் பண்ணிக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டாள்.

மறுநாளும் அமைதியாக விடிந்தது. அந்த அமைதியைத்தான் அவர்கள் கேட்டு வாங்கியிருந்தார்களே. அதில் ஒரு வித்தியாசமும் யாருக்கும் தெரியவில்லை.

வெயில் வந்தபிறகு சுடலை பூவரசுக்கு வந்தான். "அம்மாவ அனுப்பு சடச்சி. முகூர்த்தம் குறிக்கும்போது அவ இருக்கணும்."

"இங்க எங்க இருக்கா? அக்கா வீட்லல்லா இருக்கா?"

இசக்கி அப்போதுதான் வந்து இறங்கினாள். "எங்க வீட்லயா? அண்ணன் வீட்ல இருக்கான்னுல்லா நான் நினைச்சேன்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்புறம் பறந்தார்கள். உடைமரம், கரை, கிணற்றடி, வைக்கோல் படப்பு. அம்மா என்று கூப்பிட்டார்கள். வளர்ந்த பிறகு அவர்கள் வாய்விட்டுக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். அவர்களுக்கே அவர்கள் குரல் அந்நியமாக இருந்தது. பதில் இல்லை.

பூங்கனிதான் கண்டாள். சங்கஞ்செடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள் ஆச்சி. கண் பூவரசு இருந்த பக்கமே திறந்திருந்தது. அலகில் ஒரு வெள்ளை இழை அப்படியே ஒட்டியிருந்தது. எறும்பு வந்துவிட்டது.

தென்தோப்புக்காரர்கள் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்கள். சடச்சி அம்மா மேலிருந்த எறும்பைத் தட்டிவிட்டாள். பிறகு சொன்னாள்.

"அண்ணே, எனக்குக் கேட்டுச்சு. அம்மா கூப்பிட்டா. நான் நெத்துன்னு சொன்னேன்."

சுடலை அவளை அடிப்பான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எனக்குந்தாம்ட்டி கேட்டுச்சு. எப்பவும் கூப்பிடுததுதானேன்னு இருந்துட்டேன். நீ பக்கத்துல இருக்கே, நீ பாத்துக்கிடுவேன்னு நினைச்சேன்."

இசக்கி சங்கஞ்செடியில் தலையை முட்டிக்கொண்டாள். முள் குத்தி ரத்தம் வந்தது. "எனக்கும் கேட்டுச்சு. ரெண்டு தடவையும் கேட்டுச்சு."

அப்போது அழுதார்கள் பாருங்கள், அந்தக் குளத்தங்கரை அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. சுடலை, அவன் பெண்டாட்டி, இசக்கி, அவள் புருஷன், சடச்சி, அவள் புருஷன், பூங்கனி என்று ஏழு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். சத்தமில்லாத வீடு என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த தென்தோப்புக்காரர்கள், சொல்லிக்கொள்ளாமல் பறந்துபோனார்கள். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. பூங்கனி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வலையை அறுத்து ஆச்சியை எடுக்க ஏழு பேராலும் முடியவில்லை. அலகால் கொத்திக் கொத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

அன்று யாருக்கும் தன் மரத்துக்குப் போகத் தைரியம் வரவில்லை. உடைமரத்திலேயே, பாதியில் நின்ற மெத்தைக்குப் பக்கத்தில், ஒரே கிளையில் உடம்போடு உடம்பு ஒட்டி உட்கார்ந்தார்கள். பொழுது விடிந்ததும், பக்கத்தில் இடித்துக்கொண்டு இருந்த அண்ணனைப் பார்த்தே சடச்சி கேட்டாள்.

"அண்ணே, இருக்கியா?"

"இருக்கேன்."

"அக்கா, இருக்கியா?"

"இருக்கேன், இருக்கேன்."

ஏழு பேரும் சொல்லி முடித்தார்கள். பிறகு எல்லோரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டு, கரைப்பக்கம் காதைக் கொடுத்தார்கள். அங்கிருந்து ஒன்றும் வரவில்லை. திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார்கள்.

தவிட்டுக்குருவி தனியாகத் திரியாமல் போனது அந்தச் சித்திரையிலிருந்துதான். ஒன்று கத்தினால், என்ன ஏது என்று கேட்காமல் அத்தனையும் ஓடி வருவது அன்று முதல்தான். பக்கத்திலேயே இருந்தாலும் நாள் முழுக்க இருக்கியா, இருக்கேன் என்று கத்திக்கொண்டே இருக்கின்றன. நடுவில் எப்போதாவது எல்லாம் ஒரே நேரத்தில் நிறுத்திவிடும், கவனித்திருப்பீர்கள். அது இன்னும் பதில் சொல்லாத ஒருத்திக்காக.