கல்யாணப் பாட்டு காதோரம் வந்த கதை

கிட்ட வந்து உட்காருங்கள். இது ரொம்பச் சின்ன உடம்புக்காரியின் கதை, சன்னமாகத்தான் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் எருமையும் கொசுவும் பேசிக்கொள்ளும். கொசுக் குலத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. பாட்டெல்லாம் கல்யாணத்துக்கு மட்டும். இரைக்குப் போகும்போது மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது.

அப்படியே ஊமையாகத்தான் போவார்கள். என்ன பிரயோசனம்? குட்டையோரம் நிற்கும் காரி என்ற எருமையின் மேல் கால் பட்டதும், பட்ட இடத்துக்கே வால் வந்து விழும். சிறுமூக்கி என்ற கொசுவின் அக்காமார் எல்லோரும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தார்கள். இப்போது அவள் வயிற்றில் முட்டை. பொழுது சாய்வதற்குள் கொஞ்சம் ரத்தம் குடிக்காவிட்டால் அத்தனையும் வீண்.

"வாடியம்மா, வா!" என்றாள் காரி. "சத்தமில்லாமல் வந்தால் தெரியாதாக்கும்? நான் தூங்கினாலும் என் தோல் தூங்காது."

சிறுமூக்கி கோரைப்புல்லில் ஒட்டிக்கொண்டு யோசித்தாள். அந்நேரம் பார்த்து ஒரு கொசுக் கல்யாண ஊர்வலம் பாடிக்கொண்டே காரியின் காதோரம் போனது. ஒருத்தரும் காரியைத் தொடவில்லை. ஆனாலும் அவளுக்குக் கழுத்து சிலிர்த்தது, விலா துடித்தது. இல்லாத கொசுவை வால் அடித்து அடித்துத் தேடியது.

"இதென்ன கூத்து!" என்று அசந்துபோனாள் சிறுமூக்கி. "கேட்டது காது. ஊறுவது தோலா?"

ஓடிப்போய்ப் புருஷன் மெல்லியனைப் பிடித்தாள். "உமக்குத்தான் ரத்தம் வேண்டாமே, பூந்தேன் போதும். அந்தக் காரி காதோரம் போய்ப் பாடும்."

"கல்யாணம் இல்லாத நாளில் பாடினால் குலத்தை விட்டே தள்ளிவிடுவார்களே!"

"தள்ளுவதற்குக் குலம் மிஞ்ச வேண்டாமா? போம்!"

பயந்துகொண்டே பாடினான்.

"ஐயோ, கன்னத்தில் கடிக்கிறாயே!" என்று கத்தினாள் காரி.

"நான் இன்னும் உட்காரவே இல்லை, அம்மணி" என்றான் மெல்லியன்.

"பொய்! பிடரியிலும் கடித்துவிட்டாய்!"

காது படபடத்தது, வால் முதுகை விளாசியது. அந்த அமளியில் சிறுமூக்கி முன்னங்காலில், குளம்புக்குச் சற்று மேலே மெல்ல உட்கார்ந்தாள். காரிக்குக் கால் இருக்கிற நினைப்பே இல்லை. வயிறு முட்டக் குடித்தாள்.

அன்று முதல்தான், காதோரம் 'ஙொய்' என்றதும் நமக்கு உடம்பெல்லாம் ஊறுகிறது. நம் கன்னத்தில் நாமே அறைந்துகொள்கிறோம். கடி என்னவோ காலில் இருக்கிறது. சிறுமூக்கி அன்று சும்மா போகவில்லை. குடித்த கனத்தில் தள்ளாடி வந்து, காரியின் இன்னொரு காதோரம், குலக் கட்டுப்பாட்டை மீறித் தானும் ஓர் அடி பாடிவிட்டுத்தான் முட்டையிடப் போனாள்.